நீக்கப்பட்ட முன்னுரை: வாக்கர் எவன்ஸும் ராபர்ட் ஃப்ராங்கும்

1955 நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மெக்கீ என்ற சிற்றூரை ஒட்டிய நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் ஒருவர் ஒரு பழைய ஃபோர்டு காரை மறித்தார். காருக்குள் பெட்டிகள், துணிமணிகள், கேமராக்கள். ஓட்டிவந்த ஆள் சவரம் செய்து பல நாளாகியிருந்தது. பேச்சில் வெளிநாட்டு வாடை அடித்தது. பனிப்போர்க் காலம் அது. உளவாளி, கம்யூனிஸ்ட் என்ற இரண்டு சொற்களுக்கும் நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மணிக்கணக்கில் விசாரித்தார்கள், கைரேகை எடுத்தார்கள், நீ கம்யூனிஸ்டா என்று கேட்டார்கள். தான் ஒரு புகைப்படக்காரன், குகன்ஹைம் அறக்கட்டளையின் நல்கையில் நாட்டைச் சுற்றிப் படம் எடுக்கிறேன் என்று அவர் காட்டிய கடிதங்கள் அங்கே எடுபடவில்லை. பல மணி நேரம் கழித்துத்தான் வெளியே விட்டார்கள். அந்த ஆள் ராபர்ட் ஃப்ராங்க். நடந்ததையெல்லாம் விவரித்து அவர் கடிதம் எழுதியது நியூயார்க்கில் இருந்த வாக்கர் எவன்ஸுக்கு.

எவன்ஸுக்கு ஏன் எழுதினார் என்பதற்குப் பதில் நேரடியானது. அந்தப் பயணத்துக்குக் காரணமே ஒரு வகையில் எவன்ஸ்தான். ஃப்ராங்கைவிட 21 வயது மூத்தவர், அமெரிக்கப் புகைப்படக்கலையில் அப்போதே முன்னோடியாக மதிக்கப்பட்டவர், நல்கைக்கு விண்ணப்பம் எழுதக் கூடவே உட்கார்ந்தவர். இந்தப் பயணத்திலிருந்துதான் ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற நூல் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டில் வந்த புகைப்பட நூல்களில் அதைப் போல் அடுத்த தலைமுறைகளைப் பாதித்த வேறொன்றைச் சொல்வது கடினம். இந்த இருவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படத்துக்குப் படம் ஒப்பிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் இந்த உறவின் கனமான பகுதி படங்களுக்கு வெளியே, விண்ணப்பத்தாளிலும் கடிதத்திலும் ஒரு நூலின் பக்க அமைப்பிலும் கிடக்கிறது என்று நான் கருதுகிறேன். மூத்தவர் கொடுத்ததில் எதை இளையவர் வைத்துக்கொண்டார், எதைத் திருப்பிக் கொடுத்தார் என்பது அங்கேதான் துலக்கமாகத் தெரிகிறது.

எவன்ஸ் 1903இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். எழுத்தாளராக வேண்டும் என்பதே இளமைக் கனவு. அந்தக் கனவோடு 1926இல் பாரிஸ் போனார்; ஓர் ஆண்டு இருந்துவிட்டு எழுத்து கைகூடாமல் திரும்பினார். அதே காலத்தில் அதே நகரத்தின் தெருக்களில் யூஜீன் ஆத்ஜே என்ற முதியவர், கனமான பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைகளையும் வாசல்களையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்ததில்லை. ஆத்ஜே 1927இல் இறந்தார். அவருடைய படங்களைக் காப்பாற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் பெரெனிஸ் ஆபட் என்ற புகைப்படக் கலைஞர். எவன்ஸ் அவற்றைப் பார்த்தது நியூயார்க்கில், ஆபட்டின் வீட்டில்தான். அலங்காரமில்லாமல் நேருக்கு நேராக ஒரு கடையின் முகப்பை நிறுத்திக் காட்டுவதற்கு ஒரு முன்னோடி இருந்ததை அப்போது அறிந்துகொண்டார். தன் ஆசானை நேரில் காணாமலே போன ஒருவர், பின்னாளில் ஓர் இளைஞனுக்கு நேரில் ஆசானாக இருந்தார். இதை வைத்து உளவியல் கதை கட்டத் தேவையில்லை. ஆனாலும் எவன்ஸ் ஃப்ராங்குக்காகச் செலவழித்த நேரத்தை எண்ணும்போது இது நினைவுக்கு வராமல் இல்லை.

1935 முதல் 1937 வரை, பெருமந்தத்தில் நொடித்துப்போன கிராமப்புறங்களைப் பதிவுசெய்த அரசுத் திட்டத்தில் ராய் ஸ்ட்ரைக்கரின் கீழ் எவன்ஸ் வேலை செய்தார். 1936 கோடையில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியுடன் அலபாமாவுக்குப் போய்ப் பருத்திக் குத்தகை விவசாயிகளின் குடும்பங்களைப் படமெடுத்தார். 1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அந்த அருங்காட்சியகம் ஒரே ஒரு புகைப்படக் கலைஞருக்காக நடத்திய முதல் கண்காட்சி என்று அது பொதுவாகச் சொல்லப்படுகிறது. கூடவே வெளிவந்த ‘அமெரிக்கன் போட்டோகிராஃப்ஸ்’ என்ற நூல்தான் நம் கதைக்கு முக்கியம்.

அந்த நூலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மொத்தம் 87 படங்கள், இரண்டு பகுதிகள். ஒவ்வொரு படமும் வலப்பக்கத்தில். இடப்பக்கம் வெறுமை. படத்தின் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் அந்தந்தப் பகுதியின் கடைசியில் ஒரு பட்டியலாக இருக்கும். படத்தைப் பார்க்கும்போது துணைக்கு ஒரு சொல்லும் வராது. முதல் படம் நியூயார்க்கில் ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுத்துக்கொடுக்கும் ஒரு கடையின் வெளிச்சுவர். அடுத்தது சவானா நகரில் ஒரு ஸ்டுடியோவின் கண்ணாடியில் வரிசை வரிசையாக ஒட்டிவைத்த பாஸ்போர்ட் அளவு முகங்கள், மொத்தம் 225. புகைப்படம் எடுக்கும் கடை, அதன் பிறகு எடுக்கப்பட்ட முகங்கள், பிறகு தெருவில் நிற்கும் உயிருள்ள முகங்கள் என்று நூல் நகர்கிறது. ஒரு படம் முந்தைய படத்துக்குப் பதில் சொல்கிறது, அடுத்த படத்தைக் கேள்வி கேட்கிறது. பக்கத்தைத் திருப்புகிற கைதான் அங்கே வாக்கியத்தை அமைக்கிறது. எழுத்தாளராக ஆசைப்பட்டவர் எழுத்தை விட்ட பிறகும் தொடர்ச்சி, இடைவெளி, திரும்பவருதல் என்ற எழுத்தின் எலும்புக்கூட்டை விடவில்லை. படங்களின் தொகுப்பாக அல்லாமல், படங்களாலேயே எழுதப்பட்ட நூலாக ஒன்றைச் செய்ய முடியும் என்று அமெரிக்காவில் தீர்மானமாக நிரூபித்தது இந்த நூல்தான்.

ஃப்ராங்க் 1924இல் சூரிச்சில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மானியரான தந்தை நாஜிச் சட்டங்களால் குடியுரிமை இழந்தவர். எல்லைக்கு அப்பால் கொலைகள் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளை அந்தக் குடும்பம் நாடற்ற அச்சத்தோடு சுவிட்சர்லாந்தில் கழித்தது. அங்கேயே ஸ்டுடியோக்களில் தொழில் கற்றார். 1947இல் கப்பலேறி நியூயார்க் வந்தார். ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழின் கலை இயக்குநர் அலெக்ஸி ப்ரோடோவிச் அவரை வேலைக்கு எடுத்தார். கைப்பை, செருப்பு, பெல்ட் என்று விளம்பரப் பொருள்களைப் படமெடுக்கும் வேலை சீக்கிரமே கசந்தது. பெரு, பாரிஸ், லண்டன், வேல்ஸின் சுரங்கக் கிராமம் என்று அலைந்தார். எடுத்த படங்களைக் கையாலேயே நூலாகக் கட்டிப்பார்க்கும் பழக்கம் அவருக்கு எவன்ஸைச் சந்திக்கும் முன்பே உண்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எவன்ஸ் இல்லாவிட்டால் ஃப்ராங்க் இல்லை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கைக்கட்டு நூல்களை மறந்துவிடுகிறார்கள்.

அந்த நாட்களில் ஃப்ராங்குக்கு வேறொரு பெரியவரும் கிடைத்திருந்தார். நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவை நடத்திய எட்வர்ட் ஸ்டைகன். ஐரோப்பாவில் ஸ்டைகன் படம் சேகரித்தபோது ஃப்ராங்க் உதவினார். 1955 ஜனவரியில் திறந்த ‘தி ஃபேமிலி ஆஃப் மேன்’ கண்காட்சியில் ஃப்ராங்கின் படங்கள் 7 இடம்பெற்றன. மனிதகுலம் ஒரே குடும்பம் என்று சொல்லி உலகம் முழுக்கச் சுற்றிவந்த கண்காட்சி அது. அந்தச் செய்தி எவன்ஸுக்கு எரிச்சலூட்டியது. ஸ்டைகனின் பணமும் பகட்டும் கலந்த பாணியை அவர் 1931லேயே ஒரு கட்டுரையில் கடுமையாகத் தாக்கியிருந்தார். அதே கட்டுரையில்தான் ஆத்ஜேயைப் புகழ்ந்தார். ஆக, இரண்டு பெரியவர்கள், இரண்டு பாதைகள். ஸ்டைகன் பக்கம் நின்றிருந்தால் ஃப்ராங்குக்கு வாய்ப்புக்குக் குறைவிருந்திருக்காது. அவர் மெல்ல எவன்ஸ் பக்கம் நகர்ந்தார்.

1950களின் முற்பாதியில் இருவரும் நெருங்கியபோது எவன்ஸ் ‘ஃபார்ச்சூன்’ இதழில் இருந்தார். 1945 முதல் 1965 வரை இருபது ஆண்டுகள் அங்கேதான். முதலாளிகள் படிக்கும் வணிக இதழ். அதற்குள் உட்கார்ந்துகொண்டு, வணிகத்துக்குச் சம்பந்தமில்லாத படத்தொகுப்புகளைத் தன் விருப்பப்படி போடும் உரிமையை அவர் சாமர்த்தியமாகச் சம்பாதித்து வைத்திருந்தார். 1955 ஜூலை இதழில் அவர் போட்ட ஒரு தொகுப்பு, சாதாரணக் கைக்கருவிகளைப் பற்றியது. கொத்தனார் கரண்டி, இடுக்கி, ஸ்பேனர். ஹார்டுவேர் கடையில் சில்லறைக்கு வாங்கக்கூடிய சாமான்கள். ஒவ்வொன்றையும் நிழல் இல்லாத வெளிர்ப் பின்னணியில் தனியாகக் கிடத்தி, பக்கம் நிறையும் அளவுக்குப் பெரிதாக அச்சிட்டார். அந்த வேலையில் ஃப்ராங்க் அவருக்கு உதவியாளராக இருந்தார். ஓடும் கூட்டத்தில் கைக்கேமராவால் சட்டென்று பிடித்துப் பழகிய இளைஞன், ஒரு இடுக்கியைப் பார்க்க ஒரு மனிதர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எவன்ஸ் உரை நிகழ்த்திப் பாடம் நடத்தியதாக எந்தப் பதிவும் வேண்டியதில்லை. இந்த வேலையே பாடம்.

இதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில், 1954இல், குகன்ஹைம் நல்கைக்கு விண்ணப்பம் தயாரானது. பரிந்துரைத்தவர்கள் ப்ரோடோவிச், ‘வோக்’ இதழின் அலெக்சாண்டர் லிபர்மன், ஸ்டைகன், கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ, எவன்ஸ். அந்தக் காலத்து நியூயார்க்கில் இதைவிட வலுவான ஐந்து பெயர்களை ஒரே தாளில் சேர்ப்பது கடினம். எவன்ஸின் பங்கு பரிந்துரையோடு நிற்கவில்லை. ஃப்ராங்குக்கு ஆங்கிலம் பிற்பாடு வந்த மொழி. விண்ணப்பத்தை எழுத எவன்ஸ் உதவினார்; சில இடங்களில் யாருடைய குரல் ஒலிக்கிறது என்று காதுள்ளவர்கள் கண்டுகொள்ள முடியும்.

அந்த விண்ணப்பத்தில் என்னென்ன படமெடுப்பேன் என்று ஒரு பட்டியல் வருகிறது. இரவில் ஒரு நகரம், வண்டி நிறுத்துமிடம், சூப்பர் மார்க்கெட், நெடுஞ்சாலை, மூன்று கார் வைத்திருப்பவன், ஒன்றும் இல்லாதவன், விவசாயியும் அவன் பிள்ளைகளும், புது வீடு, பலகை பிதுங்கிய பழைய வீடு, விளம்பரம், நியான் விளக்கு, தலைவர்களின் முகம், பின்னால் போகிறவர்களின் முகம், தபால் நிலையம், கொல்லைப்புறம். இதை வாசித்துவிட்டு எவன்ஸ் 1934இல் ஒரு பதிப்பாசிரியருக்கு எழுத ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கடிதத்தை வாசித்தால் ஒரு சிலிர்ப்பு ஏற்படும். அமெரிக்க நகரம் ஒன்றை எப்படிப் படமெடுக்க வேண்டும் என்று அதில் அவரும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்: எல்லா வகுப்பு மக்களும், கார்களும் கார்கள் நிறைந்த தெருக்களும், கட்டடங்கள், வணிகம், விளம்பரம், சினிமா. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பட்டியல்களுக்கும் ஒரே மூச்சு, ஒரே அடுக்கு. தபால் நிலையமும் கொல்லைப்புறமும் எவன்ஸின் சொந்த நிலங்கள். அலபாமாவின் ஸ்ப்ராட் என்ற ஊரில் மண் சாலையோரம் நிற்கும் தபால் நிலையத்தை எவன்ஸ் எடுத்த படம் புகழ்பெற்றது. தான் போக நினைத்து முழுதும் போகாத பாதையின் வரைபடத்தை இளையவரின் விண்ணப்பத்துக்குள் அவர் மடித்து வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் கார் விஷயத்தில், மூன்று உள்ளவன், ஒன்றும் இல்லாதவன் என்ற பிரிப்பு எவன்ஸின் தொனி இல்லை. நாடற்ற குடும்பத்தில் வளர்ந்தவனின் கண் அது.

1955 ஏப்ரலில் நல்கை கிடைத்தது. தொகை 3,600 டாலர். அடுத்த ஆண்டு நீட்டிப்பும் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலைஞனுக்குத் திறமை போதும், உலகம் தானாகத் தேடிவரும் என்ற நம்பிக்கையைக் கலை வரலாறு ரகசியமாக வளர்க்கிறது. ‘தி அமெரிக்கன்ஸ்’ உருவான கதை அதற்கு எதிர்ச்சாட்சி. பெட்ரோலுக்கும் ஃபிலிமுக்கும் பணம் கேட்டு யாரிடம் எழுதுவது, எந்தச் சொற்களில் எழுதுவது, யார் கையெழுத்து போட்டால் கதவு திறக்கும் என்ற அறிவு, எக்ஸ்போஷர் பற்றிய அறிவைப் போலவே ஆசானிடமிருந்து வருவது. எவன்ஸுக்கு அது அனுபவத்தில் தெரியும். 1940இல் அவரே அந்த நல்கையைப் பெற்றவர். தனக்குத் திறந்த கதவின் சாவியைப் படியெடுத்துக் கொடுத்தார். இப்படி ஒரு கை கிடைக்காமல் நின்றுபோனவர்களின் நூல்களை நாம் பார்க்கவே போவதில்லை என்ற உண்மையும் இதற்குள் இருக்கிறது.

பயன்படுத்திய காரோடு ஃப்ராங்க் கிளம்பினார். சில கட்டங்களில் மனைவி மேரியும் இரண்டு குழந்தைகளும் கூட வந்தார்கள். பெரும்பாலும் தனியாகவே போனார். 1955, 1956 ஆண்டுகளில் அவர் செலவழித்த ஃபிலிம் 767 ரோல். அதில் 27,000க்கு மேற்பட்ட படங்கள். நூலில் மிஞ்சியது 83. மெக்கீயில் போலீஸ் பிடித்துவிட்ட சில நாட்களுக்குள் நியூ ஆர்லியன்ஸில் அவர் எடுத்த ஒரு டிராம் வண்டியின் படம் பின்னாளில் நூலின் முகமானது: ஐந்து ஜன்னல்கள், முன்னே வெள்ளையர், பின்னே கறுப்பினத்தவர். மாண்ட்கொமரியில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானது அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி. சில வாரங்கள்தான் இடைவெளி.

எவன்ஸின் முக்கியமான படங்கள் பல, 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவில் எடுத்தவை. ட்ரைபாடில் ஏற்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து, நிதானமாக எடுக்கும் படம். சுவரில் அடித்த ஆணியின் தலை வரை துல்லியமாக விழும். ஃப்ராங்கின் லைக்கா உள்ளங்கையில் அடங்கும். இருட்டான பாரில் நெஞ்சருகே வைத்து எடுப்பார். படம் சாயும், துகள் துகளாகக் கொட்டும், ஆள் அசைந்து மங்குவார். ஆசானின் கருவியைச் சீடர் ஏற்கவில்லை. (எவன்ஸும் ஒரே கருவியில் கட்டுண்டவர் இல்லை. 1938 முதல் 1941 வரை கோட்டுக்குள் சிறிய கேமராவை மறைத்து வைத்து, நியூயார்க் சுரங்க ரயிலில் எதிரே அமர்ந்தவர்களை எடுத்திருக்கிறார்.)

ஒரே ஒரு ஜோடிப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1936இல் அட்லாண்டாவில் எவன்ஸ் எடுத்த ஒரு சலூனின் உட்புறம். ஆளில்லா நாற்காலிகள், துண்டுகள், சுவரில் நெருக்கியடித்த பொருள்கள். உள்ளே யாரும் இல்லாவிட்டாலும் அங்கே வந்துபோகிறவர்களின் வாழ்க்கை முழுக்கத் தெரிகிறது. எல்லாம் தெளிவு, எடுத்தவர் எங்கே நிற்கிறார் என்ற தடயமே இல்லை. இருபது ஆண்டுக்குள், தெற்குக் கரோலினாவின் மெக்லெலன்வில் என்ற ஊரில் ஃப்ராங்கும் ஒரு சலூனுக்கு முன்னால் நின்றார். கதவு சாத்தியிருந்தது. வலைக் கதவின் வழியாகவே எடுத்தார். உள்ளே ஒற்றை நாற்காலி மங்கலாகத் தெரிகிறது. வலையின் மேல் தெருவும் மரமும் எதிர்வீடும் பிரதிபலிக்கின்றன. அந்தப் பிரதிபலிப்பின் நடுவே ஃப்ராங்கின் உருவம் கறுப்பாக விழுகிறது. அவருடைய நிழல் விழுந்த இடத்தில் மட்டும்தான் வெளிச்சம் தடைபட்டு உள்ளே இருக்கும் நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. அதாவது, எடுப்பவர் வழியில் நிற்பதால்தான் பார்க்கவே முடிகிறது. எவன்ஸ் தன்னை அழித்துக்கொண்டு காட்டிய இடத்தில், ஃப்ராங்க் தன்னைக் குறுக்கே நிறுத்திக் காட்டுகிறார். பொருள் எவன்ஸுடையது, நிற்கும் முறை முற்றிலும் வேறு. அந்த வேறுபாடு முழுதும் ஒரு வலைக் கதவில் பதிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஜோடிகளைப் பெரிய அளவில் முதலில் திரட்டியவர் டாட் பாபஜார்ஜ். அவரும் புகைப்படக் கலைஞர். 1981இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் கண்காட்சிக்காக அவர் எழுதிய கட்டுரை, எவன்ஸின் 1938 நூலை ஃப்ராங்க் ஒரு மூலநூலாகவே வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்று வாதிட்டது. பெட்ரோல் பங்குக்குப் பெட்ரோல் பங்கு, சலூனுக்குச் சலூன். கட்டுரை கூர்மையானது, இன்றும் தவிர்க்க முடியாதது. ஆனால் ஒரு குறை எனக்குப் படுகிறது. படம் படத்திலிருந்து பிறப்பதாக மட்டும் பார்த்தால், ஃப்ராங்கின் நூலில் திரும்பத் திரும்ப வரும் ஜூக்பாக்ஸ், டிவி, மோட்டார் சைக்கிள், கொடி ஆகியவற்றுக்கு எவன்ஸிடம் மூலம் தேடி ஓய்ந்துபோவோம். கர்நாடக சங்கீதத்தில் குருவின் சங்கதிகளை அப்படியே பாடுகிற சீடரையும், குருவிடம் ராகத்தைக் கட்டும் முறையை வாங்கிக்கொண்டு வேறு சங்கதி போடுகிற சீடரையும் நாம் பிரித்தறிவோம். ஃப்ராங்க் இரண்டாமவர். அவர் வாங்கிக்கொண்டது கட்டும் முறை.

பயணம் முடிந்து படங்களை அச்சிட்டு, சுவரில் ஒட்டி, கழித்துக் கழித்து வரிசையாக்கும் வேலை நீண்டது. நூலுக்கு முன்னுரை எழுதுவது எவன்ஸ் என்பது இயல்பான ஏற்பாடாக இருந்தது. எழுதியும் கொடுத்தார். ‘யு.எஸ். கேமரா’ ஆண்டுமலரின் 1958ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃப்ராங்கின் 33 படங்கள் வெளியானபோது, எவன்ஸின் சிறு கட்டுரை ஒன்றும் கூடவே வந்தது. அதே பக்கங்களில் ஃப்ராங்க் தன் குறிப்பில், தன்னைப் பாதித்த இருவராக இங்கிலாந்தின் பில் பிராண்ட், அமெரிக்காவின் வாக்கர் எவன்ஸ் என்று பெயர் சொல்லி நன்றியைப் பதிவுசெய்தார்.

எவன்ஸின் அந்தக் கட்டுரை சிறியது, அழகானது, போர்க்குணம் உள்ளது. மனிதக் குடும்பம் என்ற பெயரில் விற்பனையாகும் உணர்ச்சிப் படங்களிலிருந்து ஃப்ராங்க் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று எழுதுகிறார். குறி யார் என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு ஃப்ராங்கிடம் இருக்கும் பண்புகளாக அங்கதத்தையும் விலகி நிற்றலையும் எடுத்துச் சொல்கிறார். விமர்சகனுக்கு வேண்டிய கருவிகள் இவை, இந்த இளைஞரிடம் இவை நிறைந்திருக்கின்றன என்று பாராட்டுகிறார்.

பாராட்டு உண்மையானது. ஆனால் அங்கே வரைந்திருக்கும் முகம் எவன்ஸின் சொந்த முகம். விலகி நிற்றல் எவன்ஸின் அறம். ஃப்ராங்கின் படங்களைப் பாருங்கள்: தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வெள்ளைக் குழந்தையைக் கையிலேந்தி எங்கோ பார்த்து நிற்கும் கறுப்பினத் தாதி, செயின்ட் ஹெலினாவில் சவ அடக்கத்தில் காரில் சாய்ந்து நிற்கும் மனிதர்கள், கடைசிப் படமாக டெக்ஸாஸ் நெடுஞ்சாலையோரம் காருக்குள் களைத்துக் கிடக்கும் தன் மனைவி, குழந்தை. சொந்தக் குடும்பத்தில் முடிகிற நூலை எழுதியவரை விலகி நின்றவர் என்று எப்படிச் சொல்வது? மூத்தவர் இளையவரை நேசித்தார். நேசித்ததாலேயே தன்னை அவரிடம் கண்டார். ஆசான்கள் எழுதும் முன்னுரைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வாசகர் சீடரின் நூலைத் திறக்கும் முன் ஆசானின் கண்ணாடியை மாட்டிக்கொள்ள நேரிடும்.

1957 இலையுதிர் காலத்தில் ஃப்ராங்க், ஜாக் கெரவாக்கைச் சந்தித்தார். ‘ஆன் தி ரோட்’ நாவல் அப்போதுதான் வெளியாகி அவரைப் புகழின் உச்சியில் வைத்திருந்தது. படங்களைக் காட்டினார், கெரவாக் எழுத ஒப்புக்கொண்டார். எவன்ஸின் முன்னுரை வெளியேறியது. கெரவாக்கின் உரைநடை எவன்ஸுடையதற்கு நேர் எதிர்: கட்டவிழ்ந்தது, சாலையின் வேகத்தில் ஓடுவது, படங்களைப் பார்த்து அங்கங்கே கூவுவது. இலக்கியத் தரத்தில் எவன்ஸின் கட்டுரையை மேலாக மதிக்கிறேன். நூலுக்குப் பொருந்தியது கெரவாக்கின் பக்கங்களே என்றும் ஒப்புக்கொள்கிறேன். 1954இல் தன் விண்ணப்பத்தைத் திருத்தி, அடுத்த ஆண்டு தன் கைது பற்றிய கடிதத்தை வாங்கிப் படித்த மனிதரின் எழுத்தை ஒதுக்குவது ஃப்ராங்குக்கு லேசான காரியமாக இருந்திருக்க முடியாது. அவர் செய்தார். நூல் தன்னுடையதாக இருக்க அது தேவைப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்த உறவில் எனக்கு மிக அர்த்தமுள்ளதாகப் படுவது. நூல் முதலில் வந்தது 1958இல் பாரிஸில், ரொபேர் தெல்பீரின் பதிப்பாக. தெல்பீர் இடப்பக்கங்களை வெறுமையாக விடவில்லை. அமெரிக்காவைப் பற்றிப் பல எழுத்தாளர்கள் எழுதியவற்றை அலென் பொஸ்கே திரட்ட, படங்களுக்கு எதிரே அந்தப் பகுதிகள் நிறைந்தன. அந்த அமைப்பில் படங்கள், அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிய ஒரு கட்டுரைக்குச் சான்றுகள்போல ஆகிவிட்டன. 1959இல் நியூயார்க்கின் குரோவ் பிரஸ் பதிப்பு வந்தபோது அந்த எழுத்துகள் எல்லாம் போயின. படம் வலப்பக்கத்தில் தனியாக நின்றது. எதிரே, இடத்தின் பெயர் சொல்லும் சிறு வரி தவிர, வெறுமை. எவன்ஸ் 1938இல் தன் நூலுக்குக் கொடுத்த அதே பக்கம். எவன்ஸின் சொற்களை நீக்கிய பதிப்பு எதுவோ, அதே பதிப்புதான் எவன்ஸின் பக்க அமைப்பை ஏற்றுக்கொண்டது. ஆசானின் பேச்சைக் கேட்காமல், ஆசான் பேசாமல் விட்ட இடத்தை எடுத்துக்கொண்டார் ஃப்ராங்க். வரிசையிலும் அதே கட்டுமானம் வேலை செய்கிறது. நியூ ஜெர்சியின் ஹொபோக்கனில் ஜன்னலில் தொங்கும் கொடி ஒரு பெண்ணின் முகத்தை மறைக்கும் படத்தில் நூல் தொடங்குகிறது. கொடி மீண்டும் வரும்போதெல்லாம் ஒரு புது அத்தியாயம் திறக்கிறது. லாங் பீச்சில் துணி போர்த்தி நிறுத்திய காரின் படத்தைத் திருப்பினால், அரிசோனாவில் சாலை விபத்தில் இறந்தவர் மேல் போர்த்திய துணி. இரண்டு துணிகளுக்கும் நடுவே ஒரு சொல்லும் இல்லை. பக்கத்தைத் திருப்பும் கை வாக்கியத்தை முடித்துக்கொள்கிறது.

வெளியானபோது அமெரிக்க விமர்சகர்கள் பலர் வெறுப்பைக் கொட்டினார்கள். மங்கல், துகள், கோணல், நாட்டை வெறுக்கும் மனம் என்று 1960இல் ஒரு புகைப்பட இதழ் பக்கம் பக்கமாக எழுதியது. அந்த நேரம் ஃப்ராங்க் நிலைப்படத்தை விட்டுத் திரைப்படத்துக்குப் போய்விட்டிருந்தார். 1958இல் நியூயார்க் பஸ் ஜன்னலிலிருந்து தெருவில் நடப்பவர்களை எடுத்த வரிசையே அவர் லைக்காவால் செய்த கடைசிப் பெருந்தொடர். சுரங்க ரயிலில் எவன்ஸ் எடுத்ததற்குத் தரைமேல் ஒரு பதில் என்று அதைக் கொள்ளலாம்.

முன்னுரை விவகாரத்தில் நட்பு முறியவில்லை. எவன்ஸ் 1960களின் நடுவிலிருந்து யேலில் கற்பித்தார். ஃப்ராங்க் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், மாபு என்ற கடலோர ஊரில் வீடு வாங்கிக் குடியேறியபோது எவன்ஸ் அங்கே போனார். ஃப்ராங்கின் வீட்டு உட்புறத்தையும் அடுப்பையும் படமெடுத்தார். அலபாமாவில் குத்தகை விவசாயிகளின் சமையலறைகளைப் பார்த்த அதே நேர்ப்பார்வை. எவன்ஸ் 1975 ஏப்ரலில் காலமானார். ஃப்ராங்க் 2019 செப்டம்பர் வரை வாழ்ந்தார்.

இருவரின் காகிதங்களும் இன்று இரண்டு நகரங்களில் இருக்கின்றன. ஃப்ராங்க் 1990இல் தன் நெகட்டிவ்களையும் காண்டாக்ட் ஷீட்களையும் வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். எவன்ஸின் ஆவணங்கள் 1994இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. நூலின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 2009இல் சாரா கிரீனோ வாஷிங்டனில் அமைத்த கண்காட்சியும் அதன் பெருநூலும், விண்ணப்பம், கடிதங்கள், காண்டாக்ட் ஷீட்கள் எல்லாவற்றையும் வாசகர் முன் வைத்தன. பாபஜார்ஜ் 1981இல் படங்களை மட்டும் வைத்து ஊகித்த உறவுக்கு அதன்பின் தேதிகளும் கையெழுத்துகளும் கிடைத்தன. இனி இதைப் பற்றி எழுத வருபவர் முதலில் படிக்க வேண்டியது 1954இன் அந்த விண்ணப்பத்தை. பிறகு ஆண்டுமலரில் வந்த எவன்ஸின் சிறு கட்டுரையை. படங்களுக்கு அதற்கு அப்புறம் வரலாம்.